பத்தொன்பதாவது முதலிடம்

பாடகியின் மேனேஜர் வந்தபோது வீட்டில் அவளுடைய கணவர் மட்டும்தான் இருந்தார்.

"சார், மேடத்தோட பதினெட்டுப் பாட்டு முதலிடம் பிடிச்சிருக்கு. இன்னும் ஒண்ணு பிடிச்சா புது சாதனை."

"சந்தோஷம். அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"பதினெட்டும் பிரிவுப் பாட்டு. யாராவது விட்டுட்டுப் போனாத்தான் அவங்களுக்குப் பாட்டே வருது. உங்களைக் கட்டிக்கிட்ட மூணு வருஷமா ஒண்ணும் எடுபடலை. ஒரு மாசம் மட்டும் நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனா..."

"என்னய்யா பேசறே? நான் ஒரு நாள் லேட்டா வந்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நீ வந்து இப்படிக் கேக்கறது அவளுக்குத் தெரியுமா?"

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"அவங்கதான் சார் அனுப்பினாங்க."

கணவர் எழுந்துபோய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். கனத்தது. திறந்து பார்த்தார்.

அவருடைய சட்டைகள் தேய்த்து, மடித்து, ஒன்று விடாமல் உள்ளே இருந்தன.