தயங்காமல் கேள்

எங்கள் அலுவலகக் கணினிகளில் ஓடும் தானியங்கிக் கருவிகளுக்கு இருதயராஜ் சார் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். படிக்கப்போவது நாங்கள் அல்ல, அவற்றைத் தானே ஓட்டுவதற்குப் புதிதாக வந்திருக்கும் ஏஐ ஏஜென்ட் என்ற மென்பொருள். பழைய கோப்புகளை அழிக்கும் கருவிக்கு அவர் எழுதியிருந்ததைப் படித்தேன். "இதில் அழித்தது திரும்ப வராது. எந்த ஃபோல்டர் என்று சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடு. தயங்காமல் என்னைக் கேள். குழம்பினால் அது உன் தவறல்ல."

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மெஷினுக்கு இத்தனை செல்லமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கருவியைப் பற்றி நான் கேட்டபோது, "இதுகூடத் தெரியாமலா வந்தீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவர் அவர். அதன் பிறகு நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அந்தக் கருவியை ஓட்டும்போதெல்லாம் இன்றும் ஃபோல்டர் பெயரை மூன்று முறை சரிபார்ப்பேன்.

ஏஜென்ட் தன் சந்தேகங்களை அவருக்கு அனுப்பும் சாட் பக்கம் எனக்கும் திறக்கும். அதன் பெயரிலேயே என் கேள்வியை அனுப்பினேன். "இதை ஓட்டுவதற்கு முன் எதையெல்லாம் பேக்கப் எடுக்க வேண்டும்?"

இரண்டு மேசை தள்ளி அவர் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி" என்று பதில் வந்தது. பின்னாலேயே பொறுமையாக, உதாரணத்தோடு, ஒரு நீளமான விளக்கம். நான் அதை இரண்டு முறை படித்தேன்.

"என்ன சார், தனியா சிரிக்கிறீங்க?" என்றேன்.

"எவ்வளவு அழகா கேக்குது பாருங்க தாட்சாயணி. நீங்க ஒருநாளாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?"

நான் அடுத்த கேள்வியை டைப் செய்யத் தொடங்கினேன்.