ஆறுக்குக் கீழே

போதை மீட்பு வார்டில், புகைத்தவரைக் காட்டிக்கொடுக்கும் கருவியை லாரி டிரைவர் கண்ணாடிக்காரரிடம் நீட்டினார்.

“ஊதுங்க சார். ஆறைத் தாண்டினா நீங்க திருட்டு தம் அடிச்சிருக்கீங்க. அப்புறம் நாங்க பன்னிரண்டு பேரும் திரும்பப் பத்த வைப்போம். பேச்சுன்னா பேச்சுதான்.”

“சத்தியமா கடைப் பக்கமே போகலப்பா!”

“பூனை சைவமாம்,” என்றார் தையல்காரர்.

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். எண் மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறி, அங்கேயே நின்றது.

வார்டே கூத்தாடியது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கட்டில்களை இரண்டு முறை சுற்றி வந்தார்கள்.

“இறக்கி விடுங்கப்பா, தலை சுத்துது!”

இறக்கிவிட்ட டிரைவர், கருவியையும் தன் கழுத்தில் மாட்டியிருந்த ஸ்டெதாஸ்கோப்பையும் அவர் கையில் கொடுத்தார்.

“இந்தாங்க டாக்டர். இப்ப நாங்க ஊதுறோம், நீங்க திட்டுங்க.”