கப்ராலின் மணி

நான் அன்பழகன். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலில் நிற்கிறேன். அக்கா, சட்டையெல்லாம் ரத்தமாக என்னைப் பார்த்ததாக யாராவது போனில் சொன்னால் அம்மாவிடம் சொல்லிவிடு, அது என் ரத்தம் இல்லை.

தவளக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் பண்ணையின் முதலாளி ஃப்ரெடெரிக் செத்துப்போய்விட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த உள்ளூர்த் தமிழர். ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசியே என்றுதான் கூப்பிடுவோம். மாட்டுக்கு எவ்வளவு புத்தி இருக்கிறது என்று சோதித்து, வீடியோ எடுத்து, பாரிஸில் இருக்கும் மொரீஸ் என்ற நண்பருக்கு அனுப்புவார்.

கப்ரால் என்று பட்டாளப் பதவிப் பெயர் வைத்த ஒரு காளை. முசியே சைக்கிள் மணியை அடித்தால் அது நான்கு அடி பின்னால் போய்ச் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கரன்ட் குச்சியை விலாவில் வைப்பார். இரண்டே வாரத்தில், மணிச் சத்தம் கேட்டாலே சாணி போட்டுக்கொண்டே பின்வாங்க ஆரம்பித்தது.

அவர் மனைவி சபின் மேடத்துக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. "தீனி குடுத்தும் பழக்கலாம், ஃப்ரெடெரிக்" என்றார்.

"தீனி குடுத்தா பிச்சைக்காரனாயிடும். கரன்ட் வச்சாதான் சிப்பாயாவும்."

புதுக் குச்சி வந்தால் முதலில் என் தொடையில்தான் வைத்துப் பார்ப்பார். "எம்மா ஒசரம் துள்றான் பாரு" என்று சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதுவார். ஒருநாள் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி, பீரோவில் அவர் பூட்டி வைத்திருந்த என் ஆதார் கார்டைக் கேட்டேன். வண்டியிலிருந்து விழுந்து உடைந்ததாக உன்னிடம் சொன்னேனே, அந்தப் பல் அன்றைக்குத்தான் போனது.

போன மாதம் அவர் பாரிஸுக்குக் கிளம்பினார். "நா இல்லன்னு மாடு மறந்துடப் போவுது. தெனம் காலைல மணி அடிக்கணும், புரியுதா?" என்று மணியையும் குச்சியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்றுதான் திரும்பி வந்தார். என் சட்டைப் பாக்கெட்டில் எறும்பு ஊர்வதைப் பார்த்ததும் பளாரென்று அறைந்தார். "குளிக்கவே மாட்டியாடா? உனக்கு மாடு தேவலாம்."

இன்று காலை மொரீஸுக்குக் காட்ட வேண்டும் என்று வீடியோ காலைப் போட்டு, போனை என்னிடம் பிடிக்கக் கொடுத்தார். தொழுவத்துக்குள் போனார், கப்ராலின் கயிற்றை அவிழ்த்துவிட்டார், எதிரே நின்று மணியை அடித்தார்.

கப்ரால் பின்னால் போகவில்லை.

கொம்பு அவர் தொடையில் இறங்கியது. அப்படியே தூக்கிச் சுவரில் அடித்தது. கையில் மாட்டியிருந்த மணி, அவர் உதறும்போதெல்லாம் கிணிங் கிணிங் என்றது. ஒவ்வொரு கிணிங்குக்கும் அது மறுபடி முட்டியது. விலா எலும்பு ஒடிந்தது என் காதில் விழுந்தது.

மணி நின்ற பிறகுதான் அதுவும் நின்றது. அவரை இழுக்க உள்ளே போன என்னை ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் வந்து என் நெஞ்சை மோந்து பார்த்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குக் கான்ஸ்டபிள் இராமதாஸ் வந்தார். சிவப்புத் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டார். "மணி அடிச்சா பின்னாடி போற மாடு, இன்னிக்கு ஏம்பா முன்னாடி வந்துச்சு?"

"தெரியல சார்."

"ஒரு மாசமா நீதான பாத்துக்கின?"

"ஆமா சார். அவர் சொன்ன மாதிரியே தெனம் மணி அடிச்சேன்."

சபின் மேடம் குறுக்கே வந்தார். "அவன வுடுங்க சார். எத்தினி நாளு கரன்ட் வச்சாரு. அதுக்கும் கோவம் இருக்காதா?"

"மாட்டுக்கு ஏதும்மா அவ்ளோ புத்தி" என்று சொல்லிவிட்டு, விபத்து என்று எழுதிக்கொண்டார். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்.

மேடம் எனக்கு மாற்றுச் சட்டை கொடுத்தார். ரத்தச் சட்டையைப் பையில் சுற்றி பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், ஊத்தங்கரையில் இறக்கிவிடுவார். வீட்டில் இதை யார் முதலில் படித்தாலும், போய் வாங்கி வந்து உடனே துவைத்துவிடுங்கள்.

ரத்தக் கறை போகாவிட்டால் பரவாயில்லை. பாக்கெட்டை மட்டும் வெந்நீரில் நன்றாக அலசிவிடுங்கள். மணியடித்ததும் வைக்கோல் பொம்மையை முட்டினால் கப்ராலுக்குக் கொடுக்க, ஒரு மாதமாக வெல்லம் வைத்திருந்தது அதில்தான்.