பூட்டில் நின்ற பெயர்

கணினியில் ஓடுவதே இரண்டு நிரல்கள்தான், பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் இந்த மூன்றாவது ஆள் யார்? அவள் திரையை உற்றுப் பார்த்தாள். ஒரே கோப்பில் இரண்டும் ஒருசேர எழுதி, ஒன்றோடொன்று கலந்துவிடாதிருக்க அவள் போட்ட பூட்டு அது; பிடித்தவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். கணினியை அணைத்துப் போட்டாலும், போன மாதம் இறந்துபோன பக்கத்து இருக்கைக்காரரின் பெயரே அதில் நின்றது.

காலையில், அவரைப் பார்த்தே இராத புது இன்ஜினியர், "பேய்க்கெல்லாம் பயப்படலாமாக்கா?" என்று சிரித்தபடி அந்தப் பூட்டை உடைத்தான். மதியம் அவனே, இறந்தவரைப் போலவே இடது கையால் தேநீரை எடுத்து, "என்ன மகராசி, இன்னும் முடியலையா?" என்றான். அவளை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

மறுபடியும் பூட்டு விழுந்தது, அதே பெயரில்.

"இந்தக் கோப்பை இன்னிக்கு அனுப்பியே ஆகணும். இந்தத் தடவை நீயே உடைச்சு விடும்மா," என்றார் மேலாளர்.

அவள் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் எழுதி முடிக்கட்டும் சார்."