கண்ணாடிக்குள் குனிந்தவன்

எட்வின் மாஸ்டர் தம் கராத்தே பள்ளிக்கு ஆள் சேர்க்கத்தான் அந்தக் கண்ணாடியை வாங்கி மாட்டினார். பிள்ளையின் பெயரைச் சொன்னால் போதும், பத்து வருஷம் கழித்து அவன் கறுப்பு பெல்ட்டோடு எப்படி இருப்பான் என்று அது காட்டும். பார்த்துவிட்டுச் சேர்க்காமல் திரும்பிப் போன பெற்றோர் கிடையாது.

தேன்மொழியும் அதைப் பார்த்துத்தான் மகன் பரிதியைச் சேர்த்தாள். மஞ்சள் பெல்ட் வாங்கிய மறுவாரமே பிள்ளையை டெங்கு கொண்டுபோய்விட்டது.

இன்று வகுப்பு முடிந்ததும் அவள் வந்து நின்றாள். கையில் அந்த மஞ்சள் பெல்ட்.

"ஒரே ஒரு தடவை காட்டுங்க மாஸ்டர்."

அவருக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடியிடம் பரிதியின் பெயரைச் சொன்னார். உள்ளே மீசை அரும்பிய இளைஞன் ஒருவன் வந்து நின்றான். தேன்மொழியின் அதே மோவாய். மாஸ்டரைப் பார்த்ததும் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான்.

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியை அணைக்கச் சுவிட்சைத் தேடினார். "போதும்மா. வீட்டுக்குப் போங்க."

"அவன் இன்னும் நிமிரலையே மாஸ்டர்! நீங்க திருப்பி வணக்கம் வைக்கிற வரைக்கும் நிமிரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? புள்ளைக்கு முதுகு வலிக்கும்."

சுவிட்சுக்குப் போன கை அப்படியே நின்றது. மாஸ்டர் திரும்பி வந்து, கண்ணாடிக்கு எதிரே நின்று குனிந்தார். பரிதி நிமிர்ந்தான்.

தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் பெல்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கும் கிளாஸ் அஞ்சு மணிக்குத்தானே மாஸ்டர்?"