மூன்று வரிப் பட்டியல்

"உங்க அக்காவே உள்ளே போறாங்க சார்!"

யாரோ கத்தியதும் ஆசிரியர் சங்கச் செயலாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். செயலாளர் வணிகவியல் வாத்தியார். அவர் தொண்டைக்குக் கருவி எதுவும் தேவைப்படாது என்பதால் கல்லூரி முழுக்க அவருக்கு 'மைக்' என்றுதான் பேர்.

வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள். வாசலை அடைத்துக்கொண்டு அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி, கையில் ஒட்டிய கவரோடு தாவரவியல் துறைத்தலைவி போய்க்கொண்டிருந்தாள். மைக்கின் கூடப்பிறந்த அக்கா.

கவருக்குள் என்ன இருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. தாவரவியலில் மூன்று பேர், இயற்பியலில் மூன்று பேர், ஆக ஆறு பேரை வீட்டுக்கு அனுப்ப நிர்வாகம் முடிவு செய்திருந்தது. யார் யார் என்பதைத் துறைத்தலைவர்களே இன்று மாலை ஐந்து மணிக்குள் எழுதித் தர வேண்டுமாம். எழுதித் தரக்கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. அன்றைக்குக் கை தூக்காத ஒரே ஆள் அக்காதான்.

மைக் ஓடிப்போய் மறித்தார்.

"மேடம், அந்தக் கவரைக் கொடுங்க."

"மேடமா? சரிங்க சார், தர மாட்டேன்."

"அக்கா, விளையாடாதே. ஒன்பது நாளா வெயில்ல கிடக்கோம்."

"நானும்தானே கிடந்தேன்? சுற்றறிக்கையோட ரெண்டாம் பக்கத்தைப் படிச்சியா? பட்டியல் வரலைன்னா, கடைசியா வேலைக்குச் சேர்ந்த மூணு பேர் தானாவே போயிடுவாங்க."

"அதெல்லாம் பூச்சாண்டி. அவ்வளவு துணிச்சல் அவங்களுக்கு வராது."

"வந்துட்டா? என் துறையில கடைசியா சேர்ந்த மூணு பேரும் உன் பின்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்திக்கு அடுத்த மாசம் பிரசவம்."

"அதுக்காக வேற மூணு பேர் வயித்துல அடிப்பியா?"

அக்கா கவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வழியை விடுடா."

"போனா சங்கத்துல உனக்கு இடம் இல்லை. அக்கான்னு பார்க்க மாட்டேன்."

"பார்க்காதே. அதுதான் நியாயம்."

போய்விட்டாள். பின்னாலிருந்து 'கருங்காலி' என்று ஒரு குரல் கிளம்பியது. யார் என்று மைக் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சட்டையைப் பிடித்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

நான்கு மணிக்கு வாசலிலேயே அவசரக் கூட்டம். முதலில் எழுந்தவர் இயற்பியல் துறைத்தலைவர்.

"சொந்த அக்கான்னு விட்டுட்டா நாளைக்கு நம்மளை எவன் மதிப்பான்? துரோகம் யார் செஞ்சாலும் துரோகம்தான்!"

"யாரும் விடலை சார்," என்றார் மைக். "நீக்கணும்னு நானே முன்மொழியறேன்."

ஒன்பது நாள் கோஷத்துக்கு அசையாத குரல் அப்போது கம்மியது. கைகள் மளமளவென்று உயர்ந்தன. நிறைமாதக்காரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குள் அலுவலக உதவியாளர் வெளியே வந்தார்.

"பட்டியலை அறிவிப்புப் பலகையில ஒட்டற வரைக்கும் இடத்தை விட்டு நகர மாட்டேன்னு உங்க அக்கா அடம்பிடிக்கிறாங்க சார். முத்திரை குத்தி, எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டணுமாம்."

"அடேயப்பா, என்ன அவசரம் பாரு!" என்று யாரோ சிரித்தார்கள். மைக்குக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஐந்து மணி அடித்ததும் எல்லோரும் அறிவிப்புப் பலகைக்கு ஓடினார்கள். தாவரவியல் ஒன்றுதான் இருக்கும் என்று பார்த்தால், இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன.

முதல் தாள் இயற்பியல். மூன்று பெயர்கள். மூன்று பேரும் காலையிலிருந்து வாசலில் பதாகை பிடித்து நின்றவர்கள். அதில் ஒருவர் தன் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு, "எங்க தலைவர் கவரே கொடுக்கலையே?" என்று அப்பாவியாகக் கேட்டார்.

"நேத்தே கொடுத்துட்டார். பின்வாசல் வழியா," என்றார் உதவியாளர்.

இயற்பியல் தலைவரைத் தேடினார்கள். ஆளைக் காணவில்லை.

மைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டாவது தாளுக்குப் போனார். வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அக்காவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"இதுல என்ன லாபம்?"

"முத்திரையோட பட்டியல் வந்தாச்சு, வரலைன்னு இனி அவங்க சொல்ல முடியாது. இனிமே அந்தக் கடைசி மூணு பேரைத் தொட முடியாது. ஒரே ஆளை மூணு தடவை வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது. மறுபடி முதல்லேருந்து வரட்டும். அதுக்குள்ள நாம இன்னும் நூறு பேரைச் சேர்த்துடலாம்."

பின்னால் நின்றவர்களுக்குத் தாள் தெரியவில்லை.

"யார் பேருப்பா? சத்தமாப் படி!"

மைக் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

முதல் வரியில் அக்காவின் பெயர். காரணம் என்ற கட்டத்தில்: 'துறையில் மூத்தவள் நான். முதலில் நான்தான் போக வேண்டும்.'

இரண்டாம் வரியிலும் அக்காவின் பெயர். காரணம்: 'மேலே சொன்னதேதான்.'

மூன்றாம் வரியிலும் அதே பெயர். காரணம்: 'இன்னும் ஆள் வேண்டுமென்றால் வாசலுக்கு வரவும். சங்கம் சேர்த்துக்கொண்டாலும் தள்ளிவைத்தாலும் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.'