சம்பந்தி வீட்டு இலை

அன்று அங்கே இருந்தவர்கள் நான், என் மனைவி இசக்கியம்மாள், சம்பந்தி ஆறுமுகநயினார், அவர் மனைவி பிச்சம்மாள்.

வீட்டைக் காலி செய்யுமுன் எங்கள் ஏழு கோழிகளையும் அவரிடம்தான் விட்டோம். அறுக்கமாட்டேன் என்று என் கையில் அடித்து வாக்குக் கொடுத்திருந்தார். கிளம்பும் நாளில் எங்களுக்கு விருந்து வைத்தார்.

நான் இலைமுன் உட்கார்ந்திருந்தேன். கொல்லையில் இசக்கி “பா, பா” என்று கூப்பிட்டாள். ஆறுதான் ஓடிவந்தன.

“செவப்பியை எங்கே அண்ணாச்சி?”

“சம்பந்திக்குக் கடைக்கோழி போட்டா என் மரியாதை என்னாவும் தங்கச்சி?” என்று சிரித்தார்.

சோற்றில் கை வைக்காமல் எழுந்தேன். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

தொடைக்கறி வைக்காததால் கோபித்து எழுந்தேனாம், ஊரில் பேச்சு. பொய். தொடைக்கறி என் இலையில்தான் இருந்தது.